வரிசை

பெருந்துறைக் கூட்டுறவுச் சங்கத்தில் ஏலத்துக்கு வந்த கொப்பரை மூட்டைகள் அடுக்கடுக்காக முறை காத்து நிற்கும். கிளவுடில் ஓடும் செயலிக்குள்ளும் அப்படி ஒரு களம் உண்டு. ரசீதை பிடிஎஃப் ஆக்குவது, ஆயிரம் பேருக்கு எஸ்எம்எஸ் அனுப்புவது போன்ற நேரம் பிடிக்கும் வேலைகளுக்காகப் பயனரைக் காக்க வைக்காமல், அவற்றை 'டாஸ்க் க்யூ'வில் போட்டுவிடுவார்கள். பின்னணியில் இருக்கும் 'வொர்க்கர்' ஒவ்வொன்றாக எடுத்து முடிக்கும். அமேசானின் எஸ்க்யூஎஸ் 2006 முதல் இத்தகைய க்யூவையே ஒரு சேவையாகத் தருகிறது.

'க்யூ' வந்தது லத்தீன் 'கௌடா'விலிருந்து, பிரெஞ்சு வழியாக. பொருள்: வால்.

தமிழின் 'வரிசை' இதைவிடச் செழிப்பான சொல். ஒழுங்கு, அடுக்கு என்பது இன்று முதலில் தோன்றும் பொருள். ஆனால் புறநானூற்றின் 121ஆம் பாட்டில் கபிலர் மன்னன் மலையமான் திருமுடிக்காரியிடம் பேசும் வரிசை, தகுதி. புலவர் எல்லாரையும் ஒன்றுபோல் பார்க்காதே என்கிறார். கொங்குக் கல்யாணத்தின் சீர்வரிசையிலும் அந்த மரியாதை ஒலிக்கிறது.

செயலியின் க்யூவிலும் தகுதி பார்க்க வேண்டியிருக்கிறது: மாத அறிக்கை முன்னால் வந்து நின்றாலும், பின்னால் வந்த ஓடிபி முந்திப் போக வேண்டும். அதற்காக நிரலாளர்கள் தனியே 'ப்ரையாரிட்டி க்யூ' என்று பெயர் வைத்தார்கள். வந்த முறை, தகுதி இரண்டுமே நம் 'வரிசை'க்குள் முன்பே இருந்தன.