ஓர் இருதயம், பல வைத்தியர்

இருதயத்துள் கருவி நுழைவதே தகாதெனப் பெரும்பாலோர் அஞ்சிய காலம் ஒன்றுண்டு. 1929-ம் ஆண்டில் ஜெர்மனியின் எபர்ஸ்வால்ட் நகரில் பார்ஸ்மன் என்னும் இளம் வைத்தியர், தமது கை இரத்தக்குழாய் வழியே மெல்லிய குழலொன்றைத் தம் இருதயம்வரை செலுத்தி, எக்ஸ்ரே படமும் எடுத்துக்கொண்டார். அன்று அவரை மதித்தோர் சிலரே. 1956-ல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

அவர் திறந்த வழி பின்னர்ப் பல கிளைகளாயிற்று. 1977-ல் சூரிச்சில் குருன்ட்சிக் சிறு பலூனால் இருதயக் குழாயின் அடைப்பை விரித்தார். 2002-ல் பிரான்சின் ரூவான் நகரில் கிரிபியே மார்பைப் பிளவாமலே புதிய வால்வைப் பொருத்தினார். இன்றோ அடைப்புக்கு ஒருவர், வால்வுக்கு ஒருவர், துடிப்புக் கோளாறுக்கு ஒருவர்!

ஒரே தொழிலைப் பலகாலும் செய்வோர் கைக்குத் தேர்ச்சி மிகும், அது நன்மையே. ஆயினும் நோயாளி ஒருவரே அன்றோ? பிரிந்து கற்றவர் கூடி ஆலோசித்தாலன்றி அக்கல்வி முழுப்பயன் தராது.