பாலைவனச் சுரங்கத்தின் பழைய ஏடுகள்



சரித்திரம் எழுதப் புகுவோர் அரண்மனைகளையும் ஆலயங்களையுமே முதலில் நாடுவர். மனிதர் நிலையாய்க் குடியிருக்க அஞ்சும் வரண்ட மலைகளுக்கும் சரித்திரம் உண்டோ எனின், உண்டு.

எகிப்து நாட்டில் நைல் நதிக்கும் செங்கடலுக்கும் இடையே ஹம்மாமாத் என்னும் பாலைவனப் பள்ளத்தாக்கு உளது. பொன்னும், சிலை வடித்தற்கேற்ற கருங்கல்லும் அப்பகுதியிற் கிடைத்தன. அதனூடே செல்லும் பாதை குசெயிர்க் கடற்கரையை அடைகின்றது. பிற்காலத்தில் நம்மவரும் அங்கே சென்றிருந்தனர். கணன், சாதன் என்னும் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்திற் பொறித்த பானையோடுகள் அக்கரையிலே அகழ்ந்தெடுக்கப்பட்டன.

கி.மு. 1150 அளவில், நான்காம் இராம்சேஸ் மன்னன் காலத்தில், இப்பகுதியின் படமொன்று பப்பிரசுத் தாளில் வரையப்பட்டது. வரைந்தவன் அமெனக்தே என்னும் எழுத்தன் என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. இன்று அது துண்டு துண்டாக இத்தாலியின் தூரின் நகர அரும்பொருட்சாலையில் உளது. பொன் விளையும் மலைகளுக்கு இளஞ்சிவப்பு, ஏனையவற்றுக்குக் கருமை; பள்ளத்தாக்கின் பரற்கற்களுக்குப் பல வண்ணப் புள்ளிகள். அமோன் கோயிலும் பொன் எடுப்போர் வீடுகளும் ஒரு கிணறும் குறிக்கப்பட்டுள. நம் பாடசாலைச் சுவர்ப்படங்களில் வடதிசை மேலே இருக்கும். அவனுக்கோ நைல் பெருகி வரும் தென்திசையே மேல். வகுப்பிலே இதனைக் கூறியபோது, படத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டார்களோ என மாணவனொருவன் வினவினான்!

படத்தினும் என் மனத்தை உறுத்துவது அம்மன்னனின் 3ஆம் ஆட்சியாண்டில் ஹம்மாமாத் பாறையிற் பொறிக்கப்பட்ட சாசனமே. கல் கொணரச் சென்றோர் 8,000 பேருக்கும் மேல். போர்வீரர் 5,000; கல்வெட்டுவோர் 130; காவலர் 50; செம்படவர் 200. பாலைவனத்திலே செம்படவருக்கு என்ன வேலை? மற்றையோர் உணவுக்கு மீன் தேடித் தந்தவர் போலும். எழுத்தன் எவரையும் விடாது எண்ணியுள்ளான்.

மன்னனின் புகழ்மொழிகள் நீண்டு செல்கின்றன. அத்துணைப் பெருமைக்கும் நடுவே, கணக்கிற் பிழை வராதிருத்தற் பொருட்டுப் போலும், இறந்தோர் 900 பேர் எனவும் எழுதப்பட்டுளது. ஏறத்தாழப் பத்தில் ஒருவர்! நோயோ, வெயிலோ, பாறைச் சரிவோ, காரணம் கூறப்படவில்லை. தலைமை தாங்கிச் சென்ற இராம்சேஸ்நக்து என்னும் பெருங்குருவின் பெயர் அக்கல்லில் உளது. அந்த 900 பேருள் ஒருவர் பெயரேனும் இல்லை.