சுராங்கனியும் ஒரு வாளியும்

அண்மையில் ஒரு விடியற்காலையில் பேலியகொடை மத்திய மீன் சந்தைக்குச் சென்றிருந்தேன். புறக்கோட்டையில் இருந்த சென். ஜோன்ஸ் மீன் சந்தை 2011ஆம் ஆண்டில் களனி ஆற்றைக் கடந்து இங்கே வந்தது. அறக்குளா ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டு நின்றபோது, ஐஸ் பெட்டி சுமந்து வந்த இளைஞன் ஒருவனின் கைத்தொலைபேசி “சுராங்கனி”யை இசைத்தது. மீன் சந்தைக்கு அதைவிடப் பொருத்தமான பாட்டு ஏது! ‘மாலு’ என்றால் சிங்களத்தில் மீன். சுராங்கனி என்ற பெண்ணுக்கு மீன் கொண்டுவந்த செய்தியைச் சொல்வதே அப்பாடல். அதற்குமேல் அதில் தத்துவம் எதுவும் இல்லை.

1970களில் மேலைநாட்டு இளைஞர்கள் லெட் செப்பலின், டீப் பர்ப்பிள் போன்ற குழுக்களின் ஹார்ட் ரொக் இசையில் மூழ்கியிருந்தனர். கொழும்பிலும் அந்த இசைத்தட்டுகளைத் தேடியோர் உண்டு. ஆயினும் எம்மவர் கையில் கிற்றார் பெரும்பாலும் பைலாத் தாளத்துக்கே இசைந்தது. ஆடுதல் என்ற பொருள்தரும் போர்த்துக்கேயச் சொல்லே பைலா ஆயிற்று. அதைச் சிங்களத்தில் பரவச் செய்தவர் பொலிஸ் சேவையில் இருந்த வொலி பஸ்தியன். தமிழில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் அந்தத் துள்ளலைப் பொப் இசையாக வளர்த்தனர். 1970 முதல் 1977 வரையிலான ஆட்சியின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் உள்ளூர்க் கலைஞருக்கு இடம் விட்டன என்பது என் கணிப்பு.

“சுராங்கனி” மனோகரனின் குரலில் கடல் கடந்தது. 1977இல் வெளியான “அவர் எனக்கே சொந்தம்” திரைப்படத்துக்கு இளையராஜா அதனை எடுத்தாண்டார். மலேசியா வாசுதேவன் பாடினார். பல்லவியில் சிங்களம் அப்படியே இருந்தது. பொருள் அறியாமலே தமிழகம் அதைப் பாடியது. மறு ஆண்டில், செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி இலங்கையில் எடுக்கப்பட்ட “வாடைக்காற்று” படத்தில் மனோகரன் நடித்தார். நெடுந்தீவு மீனவர்களின் கதை அது. மீன் அவரை விடவில்லை போலும்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1983 ஜூலையில், சிங்களச் சொல் ஒன்று வேறு வேலைக்குப் பயன்பட்டது. வீதியில் மறித்தவர்கள் வாளியைக் காட்டி அதன் பெயரைக் கேட்டனர். ‘பால்திய’ என்பது விடை. முதலெழுத்தைத் தமிழ் நாக்கு ‘வ’ ஆக்கிவிடும். அத்துடன் ஆள் யாரென்று தெரிந்துவிடும். அதுவும் போர்த்துக்கேயர் தந்த சொல்தான். ஒரே கப்பலில் பாட்டும் வந்தது, வாளியும் வந்தது.

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில், கொண்டாட்டம் எதுவாயினும் “சுராங்கனி” பாடும் அண்ணர் ஒருவர் இருந்தார். சிங்களப் பல்லவியைப் பிழையின்றிப் பாடுவார். அந்த இரவுகளில் எங்களை ஒளித்துவைத்திருந்த சிங்கள அம்மா, விளக்கை அணைத்துவிட்டு, அவருக்கு அந்த ஒற்றைச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார். அண்ணருக்கு வரவேயில்லை. வியர்த்துக் கொட்டியது.

மனோகரன் பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்து, 2018 ஜனவரியில் அங்கேயே காலமானார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு ரொறன்ரோவில் ஒரு திருமண வரவேற்பில் அண்ணரைச் சந்தித்தேன். இசைக்குழு “சுராங்கனி”யைத் தொடங்கியதும், முழங்கால் வலியை மறந்து ஆடினார். மூச்சிரைக்கத் திரும்பி வந்தவர், என் பக்கமாகக் குனிந்து, வாளிக்குரிய சொல்லை உச்சரித்துக் காட்டினார்.

இன்னமும் ‘வ’தான்.