ரோசியும் ஏலமலைப் பெண்களும்

சாதியை எதிர்த்த பெண்களைக் காட்டும் படங்கள் கேரளத்தில் வருவதற்கு வெகுகாலம் முன்பே, திரையில் தோன்றியதற்காகவே ஒரு பெண் சாதியின் தண்டனைக்கு ஆளானார். அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த ஜே.சி. டேனியல் எடுத்த முதல் மலையாளப் படமான ‘விகதகுமாரன்’ என்ற மௌனப் படத்தின் கதாநாயகி பி.கே. ரோசி, புலையர் சமூகத்தில் பிறந்து புல்லறுத்துப் பிழைத்தவர். தமிழும் மலையாளமும் கலந்து ஆடப்படும் காக்காரிசி நாடகம் என்ற நாட்டார் கூத்தில் தேர்ந்தவர். அவர் ஏற்றதோ சரோஜினி என்ற நாயர் குலப் பெண்ணின் வேடம். திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் படம் ஓடியபோது, நாயகன் அவர் கூந்தல் பூவை முத்தமிடும் காட்சியைப் பொறுக்காத கூட்டம் திரையின் மீது கல்லெறிந்தது. தம் படத்தை அரங்கில் அமர்ந்து பார்க்கவும் விடப்படாத ரோசி, குடிசையும் கொளுத்தப்பட்ட பின் லாரியொன்றில் ஏறி நாகர்கோவில் பக்கம் தப்பி, அதன் ஓட்டுநரையே மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில் ஒதுங்கி வாழ்ந்தார்; பிறகு அவர் நடிக்கவேயில்லை.

கமல் இயக்கிய ‘செல்லுலாய்ட்’ (2013) இக்கொடுமையைத் திரையில் சொன்னது. ஆயினும் கதையின் நடுவில் நிற்பவர் டேனியலே. அவர் பெயரில் கேரள அரசு 1992 முதல் விருது வழங்கிவர, ரோசியின் பெயரில் திரைப்படச் சங்கம் ஒன்று அமைய 2019 ஆயிற்று. அதையும் திரைத்துறைப் பெண்களே அமைத்தனர்.

உழைக்கும் பெண் கதையின் ஓரத்தில் நிறுத்தப்படுவது ஏலமலைக்கும் பொருந்தும். இடுக்கி மாவட்டத்தின் வண்டன்மேட்டு ஏலத்தோட்டங்களில், செடியின் அடியில் தரையோடு கிடக்கும் சரங்களிலிருந்து முற்றிய காயை மட்டும் பார்த்துப் பறிக்கும் காயெடுப்பு வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்கின்றனர். அவர்களில் பலர் கம்பம், போடிப் பகுதிகளிலிருந்து விடிகாலையில் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறி வருபவர்கள். தேனி, இடுக்கி எல்லைச் சரிவுகளைக் களமாகக் கொண்ட லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) அளவுக்கு இம்மலையின் உழைப்பை நேர்மையாகக் காட்டிய படம் அரிது என்று துணிந்து கூறலாம். எனினும், துண்டு நிலத்துக்கு ஏங்கும் ரெங்கசாமி என்ற ஆணின் வாழ்க்கையே அதன் கதை, ஈஸ்வரி அவன் மனைவி மட்டுமே.

ஆனால் திரைக்கு வெளியே, இதே இடுக்கி மாவட்டத்தில், 2015 செப்டம்பரில், 232 ரூபாய் நாட்கூலி பெற்றுவந்த மூணாற்றுத் தேயிலைத் தோட்டப் பெண்கள், அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்த் தலித்துகள், போனஸ் பாதியாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்துப் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் திரண்டு, ஆண்கள் தலைமையேற்ற தொழிற்சங்கங்களை அருகில் விடாமல் ஒன்பது நாள் சாலையில் அமர்ந்து, 20 விழுக்காடு போனஸையும் பெற்றனர். அடுத்து வந்த உள்ளாட்சித் தேர்தலில் தாங்களே வேட்பாளர்களாகவும் நின்றனர்.