34 டிகிரியிலும் ஆபத்து: ஈரப்பதம் மிகும்போது வெப்பம் உயிரைப் பறிப்பது எப்படி?

புதுதில்லி: நவி மும்பையின் கார்கர் பகுதியில் 2023 ஏப்ரல் 16-ஆம் தேதி திறந்தவெளியில் நடைபெற்ற மகாராஷ்டிர அரசின் விருது விழாவில், பல மணி நேரம் வெயிலில் அமர்ந்திருந்தவர்களில் 14 பேர் வெப்பத்தின் தாக்கத்தால் உயிரிழந்தனர். அன்று அப்பகுதியில் வெப்பநிலை சுமார் 38 டிகிரி செல்சியஸாகவே இருந்தது. கோடையில் 45 டிகிரியைக் கடக்கும் ராஜஸ்தானுடன் ஒப்பிட்டால் இது குறைவு. எனினும், நேரடி வெயிலுடன் கடலோரக் காற்றின் ஈரப்பதமும் சேரும்போது, வெப்பமானி காட்டும் அளவை மட்டும் கொண்டு ஆபத்தை மதிப்பிட இயலாது.

வியர்வை ஆவியாகாவிட்டால்...

மனித உடலின் இயல்பான உள்வெப்பநிலை சுமார் 37 டிகிரியாகும். சுற்றியுள்ள காற்று தோலைவிடச் சூடாகும்போது, உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வியர்வையையே நம்பியுள்ளது. ஆனால், வியர்வை சுரந்தால் மட்டும் போதாது. அது ஆவியாக வேண்டும். காற்றில் ஏற்கெனவே நீராவி மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்துவிடும். இதனால் உடல் நீரையும் உப்பையும் இழக்குமே தவிர, வெப்பம் தணியாது. தோலுக்குக் கூடுதல் ரத்தத்தை அனுப்ப இதயம் வேகமாகத் துடிக்க நேர்வதால், முதியோருக்கும் இதய நோயாளிகளுக்கும் பாதிப்பு அதிகம்.

ஈரக் குமிழ் வெப்பநிலை

ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு 'ஈரக் குமிழ் வெப்பநிலை' எனப்படுகிறது. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் ஒருசேர உணர்த்தும் அளவீடு இது. வெப்பநிலை 45 டிகிரியாகவும் ஈரப்பதம் 20 சதவீதமாகவும் இருந்தால் ஈரக் குமிழ் வெப்பநிலை சுமார் 26 டிகிரி ஆகும். வெப்பநிலை 34 டிகிரியாக இருந்தாலும், ஈரப்பதம் 75 சதவீதமானால் அது சுமார் 30 டிகிரியாக உயரும்.

மனிதர்கள் தாங்கக்கூடிய உச்ச வரம்பு 35 டிகிரி ஈரக் குமிழ் வெப்பநிலை என 2010-இல் வெளியான ஆய்வு கணித்தது. ஆனால், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணப் பல்கலைக்கழகம் இளம் வயதினரிடம் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஈரப்பதம் மிகுந்த சூழலில் சுமார் 31 டிகிரியிலேயே அவர்களது உடல் கட்டுப்பாட்டை இழக்கத் தொடங்கியது தெரியவந்தது.

எச்சரிக்கை அளவுகோல்

சமவெளிகளில் 40, கடலோரங்களில் 37, மலைப்பகுதிகளில் 30 டிகிரியை எட்டிய பின்னரே வெப்ப அலை குறித்து இந்திய வானிலை ஆய்வுத் துறை பரிசீலிக்கிறது. ஈரப்பதத்தையும் கணக்கில் கொள்ளும் வெப்பக் குறியீட்டை அத்துறை 2023-இல் சோதனை முறையில் அறிமுகப்படுத்தியது.

செய்ய வேண்டியவை

உள்வெப்பநிலை 40 டிகிரியைக் கடந்து, மனக்குழப்பம், பேச்சுக் குழறல், வலிப்பு, மயக்கம் ஆகியவை தோன்றினால் அது 'ஹீட் ஸ்ட்ரோக்' எனப்படும் வெப்பத்தாக்காக இருக்கலாம். வியர்வை வழிந்துகொண்டிருப்பவருக்கும் இது ஏற்படக்கூடும். உடனடியாக 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். அது வரும்வரை காத்திராமல், பாதிக்கப்பட்டவரை நிழலுக்குக் கொண்டுசென்று, உடலில் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைக்கலாம். நினைவிழந்தவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்கக் கூடாது.

வெளியில் உழைப்போரும் திறந்தவெளி நிகழ்ச்சிகளை நடத்துவோரும் வெப்பநிலையுடன் ஈரப்பதத்தின் அளவையும் அறிந்து, அதற்கேற்ப நேரத்தையும் ஓய்வையும் திட்டமிடுவது அவசியமாகும்.