கடல் கடந்த சரபோஜி

தஞ்சையில் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய சுவார்ட்ஸ் தேவாலயத்துக்குள் ஒரு பளிங்குச் சிற்பம் இருக்கிறது. சாகக் கிடக்கும் பாதிரியார் சுவார்ட்சின் கையைப் பிடித்தபடி நிற்கிறார் அவரிடம் வளர்ந்த தஞ்சை மன்னர் சரபோஜி. இங்கிலாந்துச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கியது. கப்பலேறித் தஞ்சைக்கு வந்தது. அதே சரபோஜியின் இன்னொரு உருவம் எதிர்த்திசையில் கடல் கடந்தது.

அது ஓர் ஓவியம். இரண்டாம் சரபோஜியும் மகன் சிவாஜியும் அதில் இருக்கிறார்கள், 1820-களில் வரைந்தது. 1799-இல் நாட்டு நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போய்விட்டது. மன்னருக்குக் கோட்டைதான் மிச்சம். ஆளும் வேலை போனவர் ஓலைச்சுவடிகளையும் ஐரோப்பிய நூல்களையும் தேடித் தேடிச் சேர்த்தார். 1855-இல் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறக்க, அரசு முடிந்தது. அவர் வளர்த்த சரஸ்வதி மகால் நூலகம் நிலைத்தது. 1918-இல் பொதுமக்களுக்கும் திறந்தது. படம் அங்கிருந்துதான் திருடு போனது என்கிறது சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு.

2006-இல் அது நியூயார்க்கில் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூரின் கலைக்கூடத்தில் விலைக்கு வந்தது. மாசச்சூசெட்ஸ் மாநிலத்து சேலம் நகரின் பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகம் 35,000 டாலர் கொடுத்து வாங்கியது. முந்தைய உரிமையாளர் பற்றிக் கபூர் காட்டிய விவரம் பொய். 2011-இல் அவர் ஜெர்மனியில் பிடிபட்டு, மறு ஆண்டு தமிழகம் கொண்டுவரப்பட்டார். 2015-இல் அருங்காட்சியகம் தானாகவே படத்தை அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிடம் ஒப்படைத்தது. படம் சென்ற வழியைக் கண்டறிந்துவிட்டதாகத் தமிழகப் போலீசார் அறிவித்தது 2022-இல். அதே ஆண்டு, வேறொரு சிலைத் திருட்டு வழக்கில் கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டு சிறை விதித்தது.

சுவரோடு நிற்கும் பளிங்கைப் பெயர்க்க ஆள்படை வேண்டும்; சட்டம் போட்ட படத்தைக் கழற்ற ஒருவர் போதும். கபூர் ஆஸ்திரேலியாவுக்கு விற்ற ஸ்ரீபுரந்தான் நடராஜர் 2014-இல் திரும்பியதற்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படங்கள் பெரிய துணை. சாமி சிலைக்கு இருந்த அந்தச் சாட்சி, நம் ஊர் மடத்துப் படத்துக்கும் சத்திரத்து ஏட்டுக்கும் இருக்கிறதா? இருப்பதையெல்லாம் படம் பிடித்து, அளவெடுத்து, பதிவேட்டில் ஏற்றி வையுங்கள். களவு போன பிறகு நம் பேச்சு எடுபடாது, பதிவேடு ஒன்றுதான் எடுபடும்.