பொழுது சாயக் காத்திருந்த தியேட்டர்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது, எங்கள் பாடப்புத்தகத்தில் பாரிஸ் ஒப்பரா மாளிகையின் படம் இருந்தது. சார்ல் கார்னியே வடிவமைத்து 1875இல் திறக்கப்பட்டது. தூண்கள், சிலைகள், பளிங்குப் படிக்கட்டு. தியேட்டர் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அரசு வேலை என்னை விருதுநகர் பக்கம் கொண்டுவந்து சேர்த்தது. ஆனைக்குட்டத்திலிருந்து மதுரைக்குப் போய் சினிமா பார்ப்பது அப்போது பெரிய காரியம். மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே விக்டோரியா எட்வர்டு மன்றம் இருக்கிறது. 1901இல் மறைந்த விக்டோரியா ராணியின் பெயரோடு, அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்த மகனின் பெயரும் சேர்ந்தது. அந்த வளாகத்திலேயே நூலகம். கூடத்தில் ரீகல் தியேட்டர். ஆங்கிலப் படங்களுக்குப் பேர்போன இடம்.

எழுபதுகளில் ஒருநாள் மத்தியானமே போய் நின்றேன். "இங்கே மேட்னி கிடையாது சார், பொழுது சாயணும்" என்றார் வாசலில் இருந்தவர்.

காரணம் கட்டிடத்திலேயே இருந்தது. அது சினிமாவுக்காகக் கட்டியதல்ல, கூட்டம் நடத்தக் கட்டிய மன்றம். மின்விசிறி பரவாத காலத்து முறை: உயர்ந்த கூரை, சுற்றிலும் கதவுகள், சன்னல்கள். வெக்கை மேலே போகும், காற்று குறுக்கே ஓடும். ஆனால் காற்று வரும் வழியில் வெளிச்சமும் வருமே! திரைக்கு இருட்டு வேண்டும். அதனால் சூரியன் இறங்கிய பிறகுதான் முதல் ஆட்டம்.

அதுவரை நூலகத்தில் உட்கார்ந்து பத்திரிகை படித்தேன். இரவு படத்தில் பாதி வசனம் புரியவில்லை. மற்றவர்கள் சிரித்தபோது நானும் சிரித்தேன்.

அதே மதுரையில் 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு திறந்தது தங்கம் தியேட்டர். இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட இருக்கைகள். ஆசியாவிலேயே பெரியது என்று பேர். இன்று அந்த இடத்தில் ஜவுளிக்கடை. 1937இல் வந்த 'சிந்தாமணி' படத்தின் லாபத்தில் எழுந்த சிந்தாமணி தியேட்டரும் போய்விட்டது.

சினிமாவை மட்டுமே நம்பி நின்றவை சினிமாக் கூட்டத்தோடு போயின. படிக்க வருபவருக்கும், கூட்டம் போடுபவருக்கும், படம் பார்ப்பவருக்கும் இடம் கொடுத்த மன்றம் நிற்கிறது. கார்னியேயின் மாளிகையை நான் நேரில் பார்த்ததில்லை. பார்க்கவில்லையே என்ற குறையும் இப்போது இல்லை.